யார் சொல்லிக்கொடுத்த ஆட்டம்?

ஹார்ட்வெல், அயோவா
டிசம்பர் 2, 1996

திருமதி அல்தோனா ரிம்கியெனே அவர்களுக்கு,

நான் டுவேன் ஷ்ரேடர். உங்கள் மகன் எய்மந்தாஸ் படிக்கும் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆகஸ்டில் அவன் இங்கே வந்து இறங்கிய அன்று நீங்களும் நானும் ஃபோனில் பேசினோம். உங்களுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு லிதுவேனிய மொழி வராது. "குட், குட்" என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதி. பையன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், வகுப்புக்குப் போகிறான். நன்றி நாள் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். வான்கோழி, உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் மேலும் புளித்த க்ரீமை ஊற்றிக்கொண்டான். கடைசியில் வந்த பூசணி இனிப்பையும் விடவில்லை. என் மனைவி மார்லிஸ் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டப்பாவைத் திறந்து வைத்தாள். இங்கே எல்லோரும் அவனை எடி என்கிறோம். முழுப் பெயரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் எதிரணி கூடை போட்டுவிடும்.

இனி, எழுத உட்கார்ந்த காரணம். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் ஒன்று சொன்னால் பையன்கள் "சரி கோச்" என்பார்கள். எடி "ஏன் கோச்?" என்கிறான். திமிராகக் கேட்டால் அதற்கு என்னிடம் மருந்து உண்டு. இவன் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகத்தோடு கேட்கிறான். போன மாதம் ஒரு நகர்வைப் பழக்கினேன். எங்கள் அணியில் பந்தைக் கொண்டு வருகிறவன் கார்னெல் பூத். பியோரியாவில் நானே தேடிப் பிடித்த பையன், எடியின் அறைத்தோழனும் அவன்தான். கார்னெல் வலப்பக்கம் பாய்ந்து ஓடவேண்டும், எடி வலது மூலையில் காத்து நிற்கவேண்டும். இவ்வளவுதான். எடி கையைத் தூக்கினான்.

"நான் மூலையில நின்னா என்னைத் தடுக்கிறவனும் இங்கதான் நிப்பான். கார்னெல் நேரா வந்து அவன் மேலதான் மோதுவான். நான் ஏன் இங்க நிக்கணும் கோச்?"

"நான் சொல்றேன், அதனால நில்லு."

"அது காரணம் இல்லையே கோச்."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அரங்கைச் சுற்றி ஓடச் சொன்னேன். நிறுத்து என்று சொல்லும்வரை ஓடினான். மூச்சு வாங்க வந்து நின்று, "இப்ப சொல்வீங்களா?" என்றான்.

அதைக்கூட விட்டுவிடுவேன். போன சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் அந்த மூலைக்குப் போகவே இல்லை. நடுவில் ஏறி வந்து பந்தை வாங்கினான். கார்னெல் ஓடாமல் நின்றான். வேறொருவன் பின்பக்கமாக நுழைந்து கூடை போட்டான். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளலாம். அன்று முழுக்க அதேதான் நடந்தது. நான் சொல்லிக்கொடுக்காத ஆட்டம், ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்த ஆட்டம். ஜெயித்தோம் என்பது வேறு விஷயம்.

"யாருடா சொன்னது உனக்கு?" என்று கேட்டேன். ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் சோவியத் காலத்தில் பெரிய அணியில் ஆடியவர், இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அவன் உங்களுக்கு ஃபோன் செய்வதும் தெரியும். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அங்கே உட்கார்ந்துகொண்டு என் அணிக்கு நீங்கள் பயிற்சி கொடுக்கிறீர்களா? அப்படியானால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

மரியாதையுடன்,
டுவேன் ஷ்ரேடர்

பனெவெஜிஸ், லிதுவேனியா
டிசம்பர் 16, 1996

திரு. ஷ்ரேடர்,

நான் சொல்லச் சொல்ல இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் என் தங்கை கணவர் யுவோசாஸ். கப்பலில் வேலை பார்த்தவர். நான் நாலு வரி திட்டினால் அவர் ஒரு வரிதான் எழுதுகிறார். பேனா நகர்வதைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே இதில் எங்காவது "மதிப்பிற்குரிய" என்று இருந்தால் அது அவர் போட்டது.

எடி என்ற பெயரில் எனக்கு மகன் இல்லை. எய்மந்தாஸுக்கு எட்டு வயதிலிருந்து பயிற்சி கொடுத்தவள் நான். ஏன் என்று கேட்கப் பழக்கியவளும் நான்தான். என் கூடத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். நான் சொன்னதும் ஒருவன் தலையாட்டினால் அவன் கையிலிருந்து பந்தை வாங்கிவிடுவேன். "என்ன சொன்னேன்? எதுக்குச் சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். உங்களிடம் இருப்பவர்கள் எல்லோரும் "சரி கோச்" என்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபோனில் நான் பயிற்சி கொடுக்கவில்லை. கொடுக்க ஆசைதான், அவன் விடுவதில்லை. "எல்லாம் நல்லாயிருக்கும்மா. சாப்பாடு நல்லாயிருக்கு. கோச் நல்லவர். பனி பெய்யுது." அதற்குள் ஃபோன் கார்டு தீர்ந்துவிடுகிறது. இவ்வளவு நல்லாயிருப்பதை நான் நம்பவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். போன ஞாயிறு நான் சந்தைக்குப் போயிருந்த சமயம் அவன் தங்கை இயெவாவோடு பேசியிருக்கிறான். "ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் கால் வீங்கிச்சே, அப்ப அம்மா என்ன பண்ணாங்க? எப்படிக் கட்டு போட்டாங்க? அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத" என்றிருக்கிறான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். கால் நன்றாக இருப்பவன் இதை எதற்குக் கேட்கிறான்? என் மகனுக்கு அடிபட்டிருக்கிறது. அதை நீங்கள் மறைக்கிறீர்கள். அங்கே ஊசியைப் போட்டு ஆடவிடுவார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. அவன் அனுப்பிய ஃபோட்டோவில் தோள் இரண்டும் புடைத்துக்கொண்டிருக்கின்றன. இரும்பு தூக்க வைக்கிறீர்கள். நான் அனுப்பியது விரல்நுனியால் பந்தைத் தொடுகிற பையன். அவனை அலமாரியாக்கித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இங்கே வாரம் முழுக்கப் பழகிவிட்டு ஒரு நாள் ஆடுகிறோம். நீங்கள் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டே இருக்கிறீர்கள். எப்போது கற்றுக்கொள்கிறார்கள்?

கால் விஷயம் உடனே எழுதவும்.

அல்தோனா ரிம்கியெனே

பி.கு. அலமாரியை மட்டும் அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். மன்னிக்கவும். யுவோசாஸ்.

ஹார்ட்வெல்
டிசம்பர் 30, 1996

திருமதி ரிம்கியெனே அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மார்லிஸுக்கு வாசித்துக் காட்டினேன். அலமாரி வந்த இடத்தில் அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

காலைப் பற்றி. கல்லூரி டாக்டரிடம் அவனை அழைத்துக்கொண்டு போனேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கால் விலைக்கு வந்தா நானே வாங்கிக்குவேன் டுவேன்" என்றார். அடி ஒன்றும் இல்லை. ஆகவே உங்கள் மகள் தப்பாகக் கேட்டிருக்கவேண்டும். அல்லது நான் கேட்ட கேள்வியிலிருந்து என்னைத் திசைதிருப்ப யாரோ கிளப்பிய கதையாக இருக்கவேண்டும். யார் என்று நான் சொல்லவில்லை.

ஏனென்றால் விஷயம் பெரிதாகிவிட்டது. இப்போது எடி மட்டும் இல்லை, கார்னெலும் சேர்ந்துவிட்டான். கார்னெல் என்னிடம் வந்து இது இரண்டாவது வருடம். அவனைப்போல் சொன்ன பேச்சைக் கேட்கிற பையனை நான் பார்த்ததில்லை. "கார்னெல், வலப்பக்கம் போ." "சரி கோச்." அரங்கில் இறங்கியதும் இடப்பக்கம் போகிறான். ஆட்டத்தின் நடுவே எடி கைமுட்டியைத் தலைமேல் வைக்கிறான். உடனே ஐந்து பேரும் வேறு ஆட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். என் ஆட்ட முறையில் கைமுட்டி என்று ஒன்று கிடையாது.

எடியை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"இது உங்க அம்மா ஆட்டம்தானே?"

"இல்ல கோச். அம்மா பாத்தா திட்டுவாங்க. அவங்க ஆட்டத்துல யாருமே நிக்கக் கூடாது. இதுல கார்னெல் நிக்கிறானே."

"அப்ப யாரோடது?"

"எங்க எல்லாரோடதும்."

"அந்த எல்லார்ல நான் இருக்கேனா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் உதவிப் பயிற்சியாளர் வேறொன்று கவனித்திருக்கிறார். சாம்பல் நிற ஓவர்கோட் போட்ட ஒருவர் எங்கள் ஆட்டங்களுக்கு வந்து மேல்வரிசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் எடி அவரோடு நின்று பேசுகிறான், உங்கள் மொழியில். பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் ஆளைவிட்டுப் பையன்களைத் தூக்கிக்கொண்டு போகும். நீங்கள் யாருடனாவது பேச்சுவார்த்தை நடத்துகிறீர்களா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்டத்தில் எடியைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். தோற்றோம். அன்று கார்னெல் ஆடியதைப் பார்த்தால் அப்போதுதான் பந்து என்று ஒன்றைக் கண்டவன்போல் இருந்தது. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. விளையாட்டுத் துறைத் தலைவர் நூட்சன் இப்போதே என்னை வராந்தாவில் பார்த்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இத்துடன் ஒரு வீடியோ கேசட் அனுப்புகிறேன். உங்கள் கைவேலையை நீங்களே பாருங்கள். பார்த்த பிறகும் "இது நானில்லை" என்று எழுதினால் அப்போது யோசிக்கிறேன்.

டுவேன் ஷ்ரேடர்

ஃபேக்ஸ்
பனெவெஜிஸ் தலைமைத் தபால் நிலையம்
ஜனவரி 15, 1997

அவசரம். பயிற்சியாளர் ஷ்ரேடர் கையில் மட்டும் கொடுக்கவும்.

கேசட் நேற்று வந்தது. யுவோசாஸ் ஹாம்பர்க்கில் வாங்கிய வீடியோ பெட்டியில்தான் அமெரிக்கக் கேசட் ஓடும், அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை என் மகனைப் பார்த்தேன். முடி வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறான். அடுத்த தடவை ஆட்டத்தைப் பார்த்தேன். அதற்கடுத்து உங்கள் பதினோராம் எண் சட்டைக்காரனைப் பார்த்தேன். அப்புறம் வேறு யாரையும் பார்க்க முடியவில்லை.

அந்தப் பையன் வலக்கைக்காரன். வலக்கைக்காரன் கூடையை நோக்கி ஏறும்போது இடது காலில் எழும்புவான். குழந்தைகளுக்கு முதலில் பழக்குவதே அதைத்தான். உங்கள் பதினொன்று வலது காலில் எழும்புகிறான். இறங்குவதும் வலது காலில். வலப்பக்கம் பாய வேண்டுமென்றால் இடது காலை ஊன்றித் தள்ளவேண்டும். அது முடியாமல்தான் இடப்பக்கமே போகிறான். ஃப்ரீ த்ரோ நேரத்தில் எல்லோரும் எறிகிறவனைப் பார்க்கிறார்கள். அப்போது பதினொன்றைப் பாருங்கள், கொக்கு மாதிரி நிற்கிறான். என் மகனுடைய கைமுட்டி எப்போது மேலே போகிறது? இவன் நொண்டிய மறுநொடி போகிறது. அவன் உங்கள் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. இவனை ஓடவிடாமல் ஆட்டத்தை நடத்திக்கொண்டு போகிறான். இயெவாவிடம் அவன் விசாரித்த கால் இந்தக் கால்தான்.

இன்று உங்களுக்கு ஆட்டம் இருப்பதாக எய்மந்தாஸ் சொல்லியிருந்தான். பதினொன்றை இறக்காதீர்கள். "கால் எப்படியிருக்கிறது" என்று அவனைக் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பான். அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்கச் சொல்லுங்கள்.

யுவோசாஸ் இன்று ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அல்தோனா

ஹார்ட்வெல்
ஜனவரி 17, 1997

திருமதி ரிம்கியெனே அவர்களுக்கு,

புதன்கிழமை காலை உங்கள் ஃபேக்ஸ் என் மேசையில் கிடந்தது. நான் அதை நம்பவில்லை. பதினோராம் எண்ணான கார்னெலை உட்கார வைத்தால் பந்து யார் கைக்குப் போகும் என்றுதான் முதலில் யோசித்தேன். உங்கள் மகன் கைக்குப் போகும். இதற்காக ஒரு அம்மா இவ்வளவு தூரம் போவாளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போவாள் என்றுதான் தோன்றியது.

இருந்தாலும் மதியம் கார்னெலைப் பிடித்தேன். கேட்காதீர்கள் என்று நீங்கள் எழுதியதையே கேட்டேன்.

"கால் எப்படியிருக்கு கார்னெல்?"

"நல்லாயிருக்கு கோச்."

"இன்னிக்கு ஆடிடுவல்ல?"

"சரி கோச்."

இறக்கினேன்.

முதல் பாதியில் எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ எறிய நின்றான். அரங்கமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கார்னெலைப் பார்த்தேன். இடது பாதம் தரையில் பட்டும் படாமல் இருந்தது. எடி பக்கத்தில் நின்று அவன் முதுகில் கை வைத்திருந்தான். அப்படி அவர்கள் நிற்பதை நவம்பரிலிருந்து பார்க்கிறேன். நல்ல சிநேகிதம் என்று நினைத்திருந்தேன். அன்று உற்றுப் பார்த்தபோது தெரிந்தது, கார்னெலின் பாரம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "கார்னெல், எழுந்து நில்லு. இடது கால்ல குதி."

"சரி கோச்" என்றான். எழுந்தான். வலது காலைத் தூக்கினான். அப்படியே நின்றான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான். எடிதான் குறுக்கே வந்து அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான்.

"போதும் கோச்" என்றான் என்னிடம். "விட்டா குதிச்சுடுவான். நீங்க சொன்னீங்கன்னு குதிச்சுடுவான்."

எக்ஸ்ரே எடுத்தோம். பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். அக்டோபரில் ஏற்பட்டிருக்கும், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இரண்டு துண்டாகியிருக்கும் என்றார் டாக்டர். பனிக்கட்டி, துணிக்கட்டு, வலி மாத்திரை என்று இரண்டு பேரும் அறைக்குள்ளேயே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அணியில் ஆடும் மற்ற மூவருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

அன்றைய ஆட்டத்தில் தோற்றோம். சாம்பல் கோட்டுக்காரர் சிடார் ராப்பிட்ஸில் இருக்கும் ஒரு பல் டாக்டர். பிறந்தது உங்கள் நாட்டில். தாய்மொழி பேச ஆள் கிடைத்ததென்று காரை எடுத்துக்கொண்டு வருகிறார். எழுதிக்கொண்டிருந்தது குறுக்கெழுத்துப் போட்டி.

டுவேன் ஷ்ரேடர்

பனெவெஜிஸ்
பிப்ரவரி 3, 1997

திரு. ஷ்ரேடர்,

எனக்கு நீங்கள் நன்றி சொல்லியிருப்பதாக யுவோசாஸ் வாசித்தார். எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். அவரால் காட்ட முடியவில்லை. பரவாயில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் கூடத்தில் காலில் அடிபட்டவன் நொண்டிக்கொண்டே வந்து ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். ஆடுகிறவர்களைப் பார்த்து "கை எங்கடா போச்சு, கண்ணு எங்கடா போச்சு" என்று கத்திக்கொண்டிருப்பான். கால் சரியானதும் இறங்குவான். அவன் இடம் எங்கும் போய்விடாது. உங்கள் பையன் விரிசல் விட்ட எலும்போடு குளிர்காலம் பூராவும் ஓடியிருக்கிறான். அந்த வலியைவிடப் பெரிய பயம் ஏதோ அவனுக்கு இருந்திருக்கிறது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று எழுதாதீர்கள்.

கால் உடைந்தவனை உங்கள் கல்லூரி என்ன செய்யும்? நாளைக்கு என் மகனுக்கு உடைந்தால் என்ன செய்யும்?

சொன்ன பேச்சைக் கேட்கிறவன் என்று அந்தப் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் கேட்டது உங்கள் பேச்சையா, அந்தப் பயத்தின் பேச்சையா?

அல்தோனா

ஹார்ட்வெல்
மார்ச் 14, 1997

திருமதி ரிம்கியெனே அவர்களுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதும்படியாக ஒரு பதில் கையில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

இங்கே ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்குத்தான். வசந்தம் வந்ததும் ஒவ்வொரு பையனுக்கும் புதிதாகக் கையெழுத்தாக வேண்டும். ஓட முடியாதவனுக்கு ஆகாமலும் போகலாம். அந்த இடத்தில் ஓடுகிற ஒருவன் வருவான். போன வருடம் கார்னெலோடு ஒரே அறையில் இருந்த பையன் முழங்கால் போய் அப்படித்தான் வீட்டுக்குப் போனான். அவன் பெட்டி கட்டியபோது கார்னெல்தான் கீழே தூக்கிக்கொண்டு வந்தான். கார்னெலின் அம்மா பியோரியாவில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் அவனுக்குக் கல்லூரி இல்லை. நீங்கள் கேட்ட பயம் இதுதான்.

எலும்பு ஒழுங்காக ஒட்டவில்லை. அடுத்த மாதம் ஆபரேஷன் செய்து திருகாணி வைக்கிறார்கள். ஜனவரிக்கு முன்னால் ஓடக் கூடாதாம். நூட்சன் என்னைக் கூப்பிட்டார்.

"வர்ற சீசன்ல பாதி போயிடும் டுவேன். அவன் இடத்துக்கு வேற ஆளைப் பாரு."

"அவன் என் ஆட்டத்துல உடைச்சுக்கிட்ட கால் அது."

"நீயா அவனை மறைக்கச் சொன்ன?"

"நானும் மறைக்கச் சொல்லல, நீங்களும் சொல்லல. பின்ன எங்க கத்துக்கிட்டான்? அவன் தாள்ல கையெழுத்தாகாம என் ஒப்பந்தத் தாளை என்கிட்ட நீட்டாதீங்க."

"யோசிச்சுப் பேசு. உனக்கு ஐம்பத்தெட்டு வயசாகுது."

"அதனாலதான் பேசுறேன்."

இரண்டு வாரம் என்னைக் காயவிட்டார். நேற்று கையெழுத்தாயிற்று. கார்னெலுக்கு ஒரு வருடம். எனக்கு வழக்கமாக மூன்று வருடம் போடுவார்கள், இந்தத் தடவை எனக்கும் ஒன்றுதான். கார்னெலிடம் சொன்னபோது "சரி கோச்" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான், முகம் கழுவியிருந்தது.

மீதி ஆட்டங்களில் பந்தை எடிதான் கொண்டு வந்தான். பாதி ஜெயித்தோம். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லிவிட்டுத்தான் பழக்குகிறேன், அவன் கேட்பதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். விளைவு, இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சி முடிய இருட்டிவிடுகிறது. மார்லிஸ் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

நானும் ஒன்று கேட்கவேண்டும். வில்னியஸிலிருந்து எடிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உறையின் மேல் ஒரு கிளப்பின் முத்திரை. என்னவென்று கேட்டேன், "சும்மா" என்றான். அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுகிறான். யாருடனாவது பேச்சுவார்த்தை நடத்துகிறீர்களா என்று டிசம்பரில் உங்களிடம் கேட்டேன், நீங்கள் அதற்குப் பதிலே எழுதவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

டுவேன் ஷ்ரேடர்

பனெவெஜிஸ்
ஜூன் 12, 1997

திரு. ஷ்ரேடர்,

ஆமாம், பேசினேன். பெரிய பல்கலைக்கழகம் எதனுடனும் இல்லை. வில்னியஸ் கிளப்புடன் பேசினேன், அதுவும் உங்கள் கேசட்டைப் பார்த்த பிறகு. விரிசல் விட்ட காலை மூன்று மாதம் கவனிக்காத மனிதரிடம் என் பிள்ளையை எப்படி விட்டு வைப்பது? சம்பளம், மருத்துவர், தினம் இரண்டு வேளைப் பயிற்சி எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். இலையுதிர் காலத்தில் சேரலாம் என்று தாளும் அனுப்பிவிட்டார்கள்.

எய்மந்தாஸ் மே கடைசியில் வந்தான். கதவுக்குள் குனிந்து வருகிறான், முன்பு குனியமாட்டான். வந்த அன்றே குளிர்ந்த பீட்ரூட் சூப்பை ஒரு பானை குடித்தான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொன்னியே, அது என்னடா?"

"எனக்கு நல்லாத்தானேம்மா இருந்தது. அவனுக்குத்தான் இல்ல."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே கோச்சுக்கு எழுதியிருப்ப."

"எழுதியிருப்பேன்தான். எழுதினதாலதானே கால் மிஞ்சிச்சு?"

"அது சரிம்மா. ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கார்னெலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்."

திரு. ஷ்ரேடர், என் பையன்கள் வாயைத் திறந்து கேட்பார்கள், உங்கள் பையன்கள் தலையாட்டுவார்கள் என்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் எட்டு வயதிலிருந்து வளர்த்தவன் என்னிடமே குளிர்காலம் முழுக்கத் தலையாட்டியிருக்கிறான். இதை யுவோசாஸிடம் சொல்லி எழுதவைப்பது எனக்கு எளிதாக இல்லை. அவர் இப்போது சிரிக்கிறார்.

பிறகு கிளப்பின் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் அதை முழுக்க வாசித்தான். மடித்து என் பக்கம் தள்ளினான்.

"நான் திரும்பிப் போறேம்மா. ஜனவரி வரைக்கும் கார்னெல் இறங்க முடியாது. அதுவரைக்கும் பந்தைக் கொண்டு வர ஆள் வேணும். கோச் கேட்டார்."

"கேட்டாரா, சொன்னாரா?"

"கேட்டார்."

"அந்த ஆளா?"

"ஆமாம்மா. வண்டியில விமான நிலையம் போறப்ப கேட்டார். ரோட்டைப் பாத்துக்கிட்டே கேட்டார். நான் சரின்னு சொல்லிட்டேன்."

நான் அந்தத் தாளை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை. உங்களுக்கு ஒரு வருடம்தானே போட்டிருக்கிறார்கள், அடுத்த வசந்தத்தில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். என் மகன் பொய் சொல்லப் பழகியிருக்கிறான், ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நிஜமாகவே நீங்கள் கேட்டீர்களா, இல்லை உத்தரவு போட்டீர்களா?

அல்தோனா

ஹார்ட்வெல்
ஜூன் 27, 1997

அன்புள்ள அல்தோனா,

கேட்டேன். நீங்கள் எழுதியிருப்பது சரிதான், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டேன். நேருக்கு நேர் பார்த்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு பக்கமும் முளைவிட்ட சோள வயல், பேச வேறொன்றும் இல்லை. "வர்ற வருஷமும் வர்றியா எடி? நீ இருந்தா எனக்கு நல்லாயிருக்கும்" என்றேன்.

"அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன் கோச்" என்றான்.

அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. ஃபோன் இல்லை, கடிதம் இல்லை. ஒரு மாதமாகத் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் நான்தான் முதலில் வாசலுக்குப் போகிறேன். நாயை முந்திக்கொண்டு போகிறேன் என்கிறாள் மார்லிஸ். அவன் சரி என்று முடிவெடுத்திருப்பதை உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆக, என்னிடம் ஒத்துக்கொண்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறான். உங்களைக் கேட்கவேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். ஒரே ஆளாக நம் இருவரையும் தடுத்து ஆடியிருக்கிறான், நம்மால் அசைய முடியவில்லை.

ஒரு உதவி செய்யுங்கள். இந்தக் கடிதம் வந்ததை அவனிடம் சொல்லாதீர்கள். ஆகஸ்டில் வந்து இறங்கி அவன் வாயாலேயே சொல்லட்டும். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்று கேட்டுக்கொள்கிறேன்.

டுவேன்